1783இல் முடிந்த போருக்கு 1906 வரை ஓய்வூதியம் வழங்கப்பட்டது எப்படி?

கேள்வி இதுதான்: அமெரிக்கப் புரட்சிப் போர் 1783இல் முடிந்துவிட்டது. அப்போரில் பணியாற்றிய ஒருவரின் விதவை என்ற முறையில் ஒரு பெண்மணி 1906 வரை அரசு ஓய்வூதியம் பெற்றதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால், விதவைகளுக்கான ஓய்வூதியம் போர்க்காலத்திலேயே தொடங்கிவிட்டதா?

முதல் பகுதிக்கு விடை, உண்மைதான். வெர்மான்ட் மாநிலத்தின் பிளிமத் யூனியன் என்ற சிற்றூரில் வாழ்ந்த எஸ்தர் டேமன் 1906 நவம்பர் 11 அன்று காலமானார். அந்தப் போருக்காக ஓய்வூதியம் பெற்றுவந்த கடைசி விதவை அவரே. இரண்டாம் பகுதிக்கு விடை, பெரும்பாலும் இல்லை என்பதாகும். சாதாரணச் சிப்பாய் ஒருவரின் விதவை பொதுச் சட்டம் ஒன்றின் கீழ் கூட்டாட்சி அரசிடம் ஓய்வூதியம் கேட்கும் நிலை வருவதற்குப் போர் முடிந்து 53 ஆண்டுகள் ஆயின. இவ்விரு விடைகளும் தொடர்புடையவை. பெறுவதற்கு உரியவர்கள் இறந்து குறையக் குறையத்தான் அமெரிக்கக் காங்கிரஸ் தன் நிபந்தனைகளைத் தளர்த்திக்கொண்டே வந்தது என்பதே இச்சட்டங்களை வரிசையாகப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது. எந்த நிபந்தனை எப்போது தளர்ந்தது என்பதைப் பார்த்தால் 1906 என்ற ஆண்டு வியப்பளிக்காது.

தொடக்கம் 1776 ஆகஸ்ட் 26. விடுதலைப் பிரகடனம் வெளியாகி இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், போரை நடத்திய மாநிலங்களின் கூட்டு மன்றமான கான்டினென்டல் காங்கிரஸ் தன் முதல் ஓய்வூதியத் தீர்மானத்தை நிறைவேற்றியது. போரில் கை கால் இழந்தவருக்கும், பிழைப்புக்கு வழியில்லாதபடி உடல் ஊனமுற்றவருக்கும், அதிகாரியானாலும் சிப்பாயானாலும், அந்த நிலை நீடிக்கும் வரை அரைச் சம்பளம் வழங்கப்படும் என்பது அதன் சாரம். ஆனால் வரி விதிக்கும் அதிகாரமே இல்லாத அமைப்பு அது. ஆகவே பணம் கொடுக்கும் பொறுப்பு மாநிலங்களின் தலையில் விழுந்தது. சில மாநிலங்கள் கொடுத்தன, சில தாமதப்படுத்தின, சில கண்டுகொள்ளவே இல்லை. 1789 செப்டம்பரில் புதிய அரசமைப்பின் கீழ் கூடிய காங்கிரஸ் இந்தச் சுமையைத் தானே ஏற்ற பிறகுதான் ஊனமுற்றோர் ஓய்வூதியம் ஓரளவு ஒழுங்குக்கு வந்தது.

அதிகாரிகளின் கதை வேறு. வேலி ஃபோர்ஜ் என்ற இடத்தில் படை முகாமிட்டிருந்த 1777-78 குளிர்காலத்தில் அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராகப் பதவி விலகிக்கொண்டிருந்ததைக் கண்ட ஜார்ஜ் வாஷிங்டன், அவர்களை நிறுத்திவைக்க ஏதாவது உறுதிமொழி தேவை என்று காங்கிரசை வற்புறுத்தினார். 1778 மே மாதத்தில், போர் முடியும் வரை பணியில் இருக்கும் அதிகாரிகளுக்கு ஏழு ஆண்டுகள் அரைச் சம்பளமும், சிப்பாய்களுக்கு ஒரே தவணையாக 80 டாலரும் அறிவிக்கப்பட்டன. 1780 அக்டோபரில் அதிகாரிகளுக்கான ஏழு ஆண்டுகள் ஆயுள்காலமாக மாறின. ஆங்கிலேய முறையில் ஒரு சலுகை வகுப்பு உருவாகிறது என்று நியூ இங்கிலாந்து மக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. காங்கிரசின் கருவூலமோ காலியாக இருந்தது. 1783 மார்ச்சில் நியூபர்க் முகாமில் அதிகாரிகளின் கோபம் கலகத்தின் விளிம்புவரை சென்று, மார்ச் 15 அன்று வாஷிங்டன் நேரில் பேசிய பிறகே அடங்கியது. ஒரு வாரம் கழித்து, ஆயுள்கால அரைச் சம்பளத்திற்கு ஈடாக ஐந்தாண்டு முழுச் சம்பளத்தை 6 சதவீத வட்டியுடைய கடன் பத்திரங்களாகத் தர காங்கிரஸ் முடிவு செய்தது. அந்தப் பத்திரங்களின் சந்தை மதிப்பு சரிந்தது. குடும்பம் நடத்தப் பணமின்றித் தவித்த பலர் அவற்றை முகமதிப்பின் ஒரு சிறு பங்குக்கு விற்றுவிட்டனர். 1790இல் கருவூலச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் திட்டப்படி அவற்றுக்கு மதிப்பு திரும்பியபோது, பலன் பத்திரத்தைக் கையில் வைத்திருந்த வணிகர்களுக்கே போய்ச் சேர்ந்தது. முதலில் பெற்றவர்களுக்கும் ஒரு பங்கு தரவேண்டும் என்ற காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசனின் யோசனை தோற்றது. ‘எங்களுக்கு உரியது கிடைக்கவில்லை’ என்று அதிகாரிகள் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகள் மனுப் போட்டுக்கொண்டே இருந்ததற்கு இதுவே காரணம்.

பெண்களுக்கு அக்காலத்தில் கிடைத்தது மிகக் குறைவு. 1780 ஆகஸ்ட் 24 அன்று, பணியில் இறந்த அதிகாரிகளின் விதவைகளுக்கும், விதவை இல்லாவிடில் அனாதைப் பிள்ளைகளுக்கும் ஏழு ஆண்டுகள் அரைச் சம்பளம் என்று தீர்மானமாயிற்று. சிப்பாயின் மனைவியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. விதிவிலக்காக நிற்பவர் மார்கரெட் கார்பின். 1776 நவம்பர் 16 அன்று வாஷிங்டன் கோட்டையில் பீரங்கிப் படையாளரான கணவர் கொல்லப்பட்டதும் அவருடைய இடத்தில் நின்று பீரங்கியை இயக்கிய அவர், படுகாயமுற்று ஒரு கையின் பயனை இழந்தார். 1779 ஜூலையில் காங்கிரஸ் அவருக்கு ஒரு சிப்பாயின் சம்பளத்தில் பாதியை ஆயுள் முழுவதற்கும், அதனுடன் ஒரு முழு உடுப்பையும் வழங்கியது. அவர் பெற்றது விதவை என்பதற்காக அன்று. ஊனமுற்ற படைவீரர் என்பதற்காக. கணவரின் மரணம் மட்டும் நேர்ந்து, அவர் கையில் காயம் இல்லாதிருந்தால் எதுவும் கிடைத்திருக்காது.

இடையில் ஒரு கிளைக் கதை உண்டு. சட்டம் படிப்பவர்கள் அதை விட்டுவிட மாட்டார்கள். ஊனமுற்றோரின் மனுக்களைக் கூட்டாட்சி வட்டார நீதிமன்றங்கள் பரிசீலிக்க வேண்டும் என்றும், அவற்றின் முடிவைப் போர்த்துறைச் செயலாளரும் காங்கிரசும் மாற்றலாம் என்றும் 1792 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது. நீதிபதியின் தீர்ப்பை அமைச்சர் திருத்துவதா என்று நீதிபதிகள் ஆட்சேபித்தனர். பென்சில்வேனியாவில் அமர்ந்தவர்கள் அந்த வேலையைச் செய்யவே மறுத்துவிட்டனர். ஹேபர்ன் வழக்கு என்று பெயர்பெற்ற அந்த விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் இறுதித் தீர்ப்பை எட்டும் முன்பே, 1793இல் காங்கிரஸ் நடைமுறையை மாற்றிக்கொண்டது. நாடாளும் மன்றம் இயற்றிய சட்டத்தை நீதிபதிகள் அரசமைப்பைக் காட்டி ஏற்க மறுத்த முதல் நிகழ்வுகளில் ஒன்று, கை கால் இழந்த சிப்பாய்களின் மனுவிலிருந்து பிறந்திருக்கிறது.

பெரிய மாற்றம் 1818 மார்ச் 18 அன்று வந்தது. குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்றோ முந்திய டிசம்பரில் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், எஞ்சியிருக்கும் முதிய வீரர்களின் வறுமையைச் சுட்டிக்காட்டியிருந்தார். அதையொட்டி வந்த சட்டம் காயத்தைக் கேட்கவில்லை. காங்கிரஸ் திரட்டிய முறையான படையாகிய கான்டினென்டல் ராணுவத்தில் ஒன்பது மாதங்களோ போர் முடியும் வரையோ பணியாற்றியிருக்க வேண்டும், இப்போது நாட்டின் உதவி தேவைப்படும் அளவுக்கு வறிய நிலையில் இருக்க வேண்டும் என்ற இரண்டே நிபந்தனைகளுடன், அதிகாரிக்கு மாதம் 20 டாலரும் மற்றவர்களுக்கு 8 டாலரும் அது வழங்கியது. மிலிஷியா எனப்பட்ட உள்ளூர்ப் படையினர் இதில் சேரவில்லை. மன்றத்தில் எதிர்த்துப் பேசியவர்கள் நிலையான ராணுவத்தைப் புகழ்வதற்கு இது வழி என்றனர். மிலிஷியாவில் போரிட்டவன் மட்டும் தாழ்ந்தவனா என்றும் கேட்டனர்.

மனுக்கள் வெள்ளமாக வந்து சேர்ந்தன. 1816இல் ஏறக்குறைய 2,200 ஆக இருந்த ஓய்வூதியர் எண்ணிக்கை 1820இல் 17,730 ஆனது. ஆண்டுச் செலவு 1,20,000 டாலரிலிருந்து 14 லட்சம் டாலராக ஏறியது. அதே நேரத்தில் 1819ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் வந்து சேர்ந்தது. வசதியுள்ளவர்களும் ஏழை என்று சொல்லி வாங்குகிறார்கள் என்ற கூக்குரல் பத்திரிகைகளில் எழ, 1820 மே 1 அன்று காங்கிரஸ் புதிய விதி ஒன்றைப் போட்டது: ஒவ்வொருவரும் நீதிமன்றத்தில் நின்று, உடுத்திய உடையும் படுக்கையும் நீங்கலாகத் தம்மிடமுள்ள ஒவ்வொரு பொருளையும் பட்டியலிட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். மெயின் மாநிலத்தில் வாழ்ந்த ஜோசப் பிளம் மார்ட்டின், சிறுவனாகப் படையில் சேர்ந்து ஏறக்குறைய போர் முழுவதும் பணியாற்றியவர். அவருடைய பட்டியலில் இரண்டு பசுக்கள், ஆறு ஆடுகள், ஒரு பன்றி ஆகியவை இருந்தன. தாம் கூலித் தொழிலாளி என்றும், முதுமையால் வேலை செய்ய இயலவில்லை என்றும், மனைவி முடக்குவாதத்தால் அவதிப்படுகிறாள் என்றும், இந்த ஓய்வூதியம் இன்றிக் குடும்பத்தைக் காப்பாற்ற முடியாது என்றும் அவர் எழுதிக்கொடுத்தார். அவர் பட்டியலில் நீடித்தார். ஆயிரக்கணக்கானோர் நீக்கப்பட்டனர், அவர்களில் ஒரு பகுதியினரை மீண்டும் சேர்த்துக்கொள்ள 1823இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

இன்றைய ஆய்வாளருக்கு இந்த 1820 பட்டியல்கள் பெரும் புதையல். ஓட்டைக் கெண்டியும் காலொடிந்த நாற்காலியும் வரை விலைமதிப்புடன் எழுதப்பட்டிருப்பதால், அக்கால ஏழை வீட்டின் உட்புறத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் ஆவணத் தொகுதி அரிது. ஆனால் எழுபது வயதுக் கிழவர் ஒருவர் ஊரார் முன்னிலையில் எழுந்து நின்று தம் கந்தலை எண்ணிக் காட்டித்தான் அது உருவானது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

1828 மே மாதத்தில், போர் முடியும் வரை இருந்த கான்டினென்டல் படையினருக்கு முழுச் சம்பளம் ஆயுள்கால ஓய்வூதியமாயிற்று. அதிகாரிகளின் நாற்பதாண்டு மனுக்களுக்கு அதுவே பதில். 1832 ஜூன் 7 அன்று வந்த சட்டம் இன்னும் அகலமானது. இரண்டாண்டுப் பணிக்கு முழுச் சம்பளம், ஆறு மாதத்திற்குக் குறையாத பணிக்கு அதற்கேற்ற விகிதம், வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை, மிலிஷியாவும் மாநிலப் படைகளும் கடற்படையும் சேரும் என்பன அதன் விதிகள். எவரும் கேப்டன் பதவிக்குரிய சம்பளத்திற்கு மேல் பெற முடியாது. தென் மாநிலங்களில் போர் பெரும்பாலும் மிலிஷியாவால் நடத்தப்பட்டதால், அங்கிருந்த முதியவர்கள் பெருமளவில் பயனடைந்தது இச்சட்டத்தால்தான்.

ஐம்பதாண்டுக்கு முந்திய பணியை எப்படி நிரூபிப்பது? கையில் விடுவிப்புச் சான்று வைத்திருந்தவர் சிலரே. 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகத்தில் ஏற்பட்ட தீ, அதற்கு முந்திய மனுக்களையும் சான்றுகளையும் அழித்துவிட்டிருந்தது. ஆகவே மனுதாரர் தம் கவுன்டி நீதிமன்றத்தில் நேர்நின்று தம் கதையைச் சொல்ல, எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர், வயதுக்குப் பதிவு உண்டா, படைக்கு அழைக்கப்பட்டபோது எங்கே குடியிருந்தீர், கட்டாயத்தால் சேர்ந்தீரா, தன்னார்வத்தால் சேர்ந்தீரா, வேறொருவருக்குப் பதிலாகச் சென்றீரா, உம்முடன் இருந்த படைப்பிரிவுகளும் அதிகாரிகளும் யார் என்று வரையறுக்கப்பட்ட கேள்விகள் இருந்தன. பாதிரியார் ஒருவரும் அயலார் ஒருவரும் இவர் நம்பத்தக்கவர், இவர் போருக்குச் சென்றவர் என்று ஊரில் நம்பப்படுகிறது என்று சாட்சி சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கை வரலாறு இப்படித்தான் தாளில் ஏறியது.

சட்டத்தின் தாராளம் எல்லாரையும் எட்டவில்லை. ரோட் தீவில் அடிமையாக இருந்த ஜெஹு கிராண்ட், 1777இல் எசமானிடமிருந்து தப்பி அமெரிக்கப் படையில் சேர்ந்து சுமார் பத்து மாதங்கள் உழைத்தார். பிறகு எசமான் தேடிவந்து அவரை மீட்டுச் சென்றார். பிற்காலத்தில் விடுதலை பெற்று, முதுமையில் 1832 சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தபோது, தப்பியோடிய அடிமையாக இருந்துகொண்டு ஆற்றிய பணி கணக்கில் வராது என்று மறுத்துவிட்டார்கள். ஊரெங்கும் விடுதலையின் அடையாளமாக உயர்ந்த கம்பங்களை நட்டு மக்கள் சுதந்திரத்திற்காகத் திரண்டதைக் கண்டு தமக்கும் அந்த ஆசை வந்தது இயல்பல்லவா என்று விளக்கி 1836இல் மீண்டும் எழுதினார். விடை மாறவில்லை.

இனி விதவைகள். 1836 ஜூலை 4 அன்று, 1832 சட்டப்படி தகுதியுடைய வீரரின் விதவைக்கு அவருடைய ஓய்வூதியம் சேரும் என்று காங்கிரஸ் விதித்தது. ஆனால் கணவரின் கடைசிப் பணிக்காலம் முடிவதற்கு முன்பே திருமணம் நடந்திருக்க வேண்டும். இதன் பின்னுள்ள எண்ணம் புரியாததல்ல. கணவன் போரில் இருந்தபோது பண்ணையையும் பிள்ளைகளையும் தனியே காத்த பெண்ணும் அந்தப் போரின் சுமையைத் தாங்கியவள். போர் முடிந்து வந்தவனை மணந்தவள் அவ்வாறு அல்ல என்பது வாதம். அந்த வாதம் இரண்டே ஆண்டுகளில் தளர்ந்தது. 1838 ஜூலை 7 சட்டம் 1794 ஜனவரிக்கு முன் மணந்தவர்களுக்கு ஐந்தாண்டு ஓய்வூதியம் அளித்தது. அது முடியும் தறுவாயில் 1843இல் ஓராண்டும் 1844இல் நான்காண்டும் நீட்டிக்கப்பட்டது. 1848 பிப்ரவரியில் அதே பிரிவினருக்கு ஆயுள்காலம். அவ்வாண்டு ஜூலையில் திருமண எல்லை 1800 ஜனவரிக்கு நகர்ந்தது. 1853 பிப்ரவரி 3 அன்று எல்லையே எடுபட்டது.

பதினேழு ஆண்டுகளில் காங்கிரஸ் இந்தத் தேதியை இப்படி நகர்த்திக்கொண்டிருந்த காலமெல்லாம், எண்பதைத் தாண்டிய பெண்கள் தாங்கள் மணந்த நாளை நிரூபிக்கப் போராடினார்கள். பல மாநிலங்களில் திருமணப் பதிவு ஒழுங்காக இல்லை. பாதிரியார் இறந்திருப்பார், தேவாலயப் பதிவேடு எரிந்திருக்கும். ஆகவே குடும்ப பைபிளில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதிய பக்கத்தைக் கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் குடும்பங்கள் பூவும் பறவையும் வரைந்த தம் அலங்காரக் குடும்பப் பதிவுகளை அனுப்பின. கணவன் முகாமிலிருந்து எழுதிய கடிதத்தை அனுப்பியவர்களும் உண்டு. அவை திரும்பவில்லை, இன்றும் கோப்புகளில் கிடக்கின்றன. மூத்த பிள்ளையின் வயதைக் கொண்டு திருமண நாளை நிறுவ முயன்ற மனுக்களில், அந்தப் பிள்ளையே அறுபது வயதுச் சாட்சியாக வந்து கையெழுத்திட்டிருப்பதைக் காணலாம்.

இங்கே எஸ்தர் டேமனுக்குத் திரும்பலாம். அவர் நோவா டேமனை மணந்தது 1835இல். அப்போது அவருக்கு 21 வயது, கணவருக்கு எழுபத்தைந்தை ஒட்டிய வயது. 1836, 1838, 1848 ஆகிய எந்தச் சட்டமும் அவரை ஏற்றிருக்காது. 1853இல் தேதி நிபந்தனை நீங்கியதால்தான் அவர் தகுதி பெற்றார். கிழவர்களின் ஓய்வூதியத்துக்காக இளம்பெண்கள் மணந்துகொள்கிறார்கள் என்ற ஏளனம் அக்காலத்தில் உண்டு. இப்போதும் சிலர் அவரைப் பற்றி அப்படி எழுதுகிறார்கள். அது பொருந்தாது. அவர் மணந்த ஆண்டில், தாமதமாக மணந்த விதவைக்கு ஓய்வூதியம் தரும் சட்டமே இல்லை.

ஓர் ஆணும் இந்தத் தேதி நிபந்தனையில் மாட்டிக்கொண்டார். ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற ஆண் பெயரில் மாசசூசெட்ஸ் படைப்பிரிவில் பணியாற்றிய டெபரா சாம்ப்சனுக்கு, புரட்சிக்காலப் புகழ்பெற்ற பால் ரெவியர் போன்றோர் பரிந்துரைக்க, 1805இல் ஊனமுற்ற வீரர் என்ற வகையில் மாதம் 4 டாலர் கிடைத்தது. பின்னர் 1818 சட்டத்தின்படி 8 டாலர் ஆயிற்று. 1827இல் அவர் இறந்த பிறகு கணவர் பெஞ்சமின் கேனட் துணையை இழந்தவர் என்ற முறையில் கோரினார். திருமணம் 1785இல், அதாவது பணி முடிந்த பின் நடந்தது. அத்துடன் சட்டம் விதவையைத்தான் சொன்னது, மனைவியை இழந்த கணவரைச் சொல்லவில்லை. பெண் வீரத்திற்கு இதுபோன்ற உதாரணம் இப்போர் வரலாற்றில் வேறில்லை என்று காங்கிரஸ் குழு கூறி, 1838இல் தனிச் சட்டம் ஒன்றால் 466.66 டாலர் வழங்கியது. அதற்குள் கணவரும் இறந்திருந்ததால் பணம் வாரிசுகளுக்குப் போயிற்று.

பிரிட்டனுடன் மீண்டும் நடந்த 1812ஆம் ஆண்டுப் போருக்கும் இதே நடைமுறை, இதே தாமதத்துடன் நிகழ்ந்தது. 1871 பிப்ரவரியில் 60 நாள் பணியாற்றியவர்களுக்கும், சமாதானத்துக்கு முன் மணந்த விதவைகளுக்கும் மாதம் 8 டாலர். 1878 மார்ச் 9 சட்டம் 14 நாள் போதும், திருமணத் தேதி தேவையில்லை என்றது. அப்போரின் கடைசி விதவை 1936இல் இறந்தார். அதே 1878 சட்டம் புரட்சிப் போர் விதவைகளுக்கும் 14 நாள் பணியே போதும் என்று தளர்த்தியது. ஆனால் புரட்சிப் போருக்காக ஓய்வூதியம் பெற்ற கடைசி வீரர் டேனியல் பேக்மன் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1869 ஏப்ரலில் இறந்துவிட்டார். அவரும் சட்டப்படியான சான்று காட்ட இயலாமல், 1867இல் தனிச் சட்டத்தின் மூலமே ஓய்வூதியம் பெற்றவர்.

உங்கள் கேள்வி மூதாதையரைத் தேடும் நோக்கில் எழுந்ததாக இருந்தால், அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இப்போருக்கான ஏறக்குறைய 80,000 கோப்புகள் 2,670 நுண்படச் சுருள்களில் இருக்கின்றன. அவற்றின் படிமங்கள் இணையத்திலும் கிடைக்கின்றன. கோப்பு எண்ணின் முன்னால் ‘எஸ்’ என்ற எழுத்து இருந்தால் வீரரே பெற்றது, ‘டபிள்யூ’ என்றால் விதவை பெற்றது, ‘ஆர்’ என்றால் மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது என்பதைப் பொய் என்று கொள்ள வேண்டாம். ஆறு மாதத்துக்குச் சில நாள் குறைந்ததோ, திருமண நாள் எல்லைக்கு ஓராண்டு தள்ளிப்போனதோ, சான்று கிடைக்காததோ காரணமாக இருக்கலாம். வாக்குமூலங்களில் வரும் போர்களின் வரிசையும் ஆண்டும் ஐம்பதாண்டு நினைவிலிருந்து சொல்லப்பட்டவை, மனு எழுதித்தரும் முகவர்களின் கைவண்ணமும் அவற்றில் கலந்திருக்கும். ஆகவே படைப்பிரிவின் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டே ஏற்கவேண்டும். 1800 தீக்கு முன் ஊனமுற்றோராகப் பெற்றவர்களின் மூல மனுக்களைத் தேடுவதில் பயனில்லை. அவர்களுக்கு, 1790களில் போர்த்துறை காங்கிரசுக்கு அனுப்பி அச்சில் தப்பிய பட்டியல்களே வழி; அவற்றில் பெயர், படைத்தரம், படைப்பிரிவு, காயத்தின் தன்மை போன்ற சுருக்கமான விவரங்கள் மட்டுமே இருக்கும்.